எடுக்காமல் விட்ட சிவப்பு

கேமரா செத்துப் போனதற்கு நன்றி சொல்கிற மனிதரை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருமுனை ஸ்டுடியோவுக்கு வந்தால் பார்க்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களுக்கு டச்சப் செய்கிறவர், அலமாரி மேல்தட்டில் கிடக்கும் பழைய கேமராவை அவ்வப்போது இறக்கித் தூசி தட்டி, "நீ மகராசனா இருக்கணும்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைப்பார். உயிரோடு இருந்தபோது அதை அவர் திட்டாத திட்டில்லை. செத்த பிறகு இந்த மரியாதை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. அந்தக் கேமரா அன்றைக்கு மண்டையைப் போடாமல் இருந்திருந்தால், அவருடைய மச்சினி மகள் சுண்டெலியின் கண்ணுக்குள் என்ன ஒளிந்திருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிய வரும்போது எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

முதலில் டச்சப்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கை பட்டால் முகத்தில் பரு இருக்காது, கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்காது, கல்யாண மாப்பிள்ளையின் தொப்பைகூடப் பாதி உள்ளே போய்விடும். வழுக்கையில் முடி முளைக்க வைக்க மட்டும் அவரால் ஆகாது. அதற்கு அவர் தலையே சாட்சி. எல்லாவற்றையும்விட அவருக்குப் பரம விரோதி சிவப்புக் கண். இருட்டில் நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்தால், வெளிச்சம் கண்ணுக்குள் போய் அடியில் இருக்கிற ரத்தச் சிவப்பில் பட்டுத் திரும்பி வரும். படத்தில் பார்த்தால் ஆளுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட படங்களை ஊரெல்லாம் எடுத்து அவரிடம் கொண்டு வந்து கொட்டுவார்கள். கம்ப்யூட்டரில் 'சிவப்பை எடு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கண்ணில் வைத்து ஒரு தட்டு தட்டினால் சிவப்பு போய்க் கருப்பு வந்துவிடும். "நம்ம வாசப்படியைத் தாண்டி ஒரு செவப்புக் கண்ணு வெளிய போனதில்லை" என்பது அவர் அடிக்கடி விடுகிற பெருமை.

படம் எடுப்பது அவர் மனைவி. அந்த அம்மா வெளிச்சத்தோடு வாழ்கிறவள். பெரிய வெள்ளைக் குடைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக விரித்து, விளக்கை அதற்குள் மறைத்து, முகத்தில் வெளிச்சம் விழுவதே தெரியாமல் விழ வைப்பாள். நேராக முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தூங்கறவன் மூஞ்சில தண்ணிய ஊத்தற மாதிரி அடிக்கிறானுங்க" என்பாள். அவள் எடுத்த படத்தில் சிவப்புக் கண் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மாடியில் அவள் தங்கை குடியிருக்கிறாள். பஸ் கம்பெனி டிக்கெட் கவுண்டரில் வேலை. தங்கை வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வந்தால் வந்த மாதிரி, போனால் போன மாதிரி. அவர்களுடைய இரண்டு வயது மகள்தான் சுண்டெலி. பிடிக்கப் போனால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிவதால் வந்த பெயர். பெரியம்மா ஸ்டுடியோ வைத்திருக்கிறாள் என்றால் கேட்பானேன்? பல் முளைத்தால் படம், முட்டி தேய்ந்தால் படம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் படம். ஊரிலேயே அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட குழந்தை அதுவாகத்தான் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேமரா ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கும்போது பாதி க்ளிக்கில் கண்ணை மூடியது, திறக்கவே இல்லை. வாத்தியார்கள் எல்லாம் வெயிலில் சிரித்த முகமாக நின்றது நின்றபடி இருக்க, அந்த அம்மா அவமானத்தில் குறுகிப் போனாள். புதுக் கேமரா வாங்கியே ஆக வேண்டும். பெரிய தொழில் கேமராவாகத்தான் வாங்க வேண்டும். தேடித் தேடி இரண்டில் வந்து நின்றது. அங்கே பிடித்தது சண்டை.

ஒன்று கனமானது, அரையிருட்டிலும் பார்க்கக்கூடியது, கண் இமைப்பதற்குள் பத்துப் படம் எடுக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெரியவன். இன்னொன்று கொஞ்சம் இலேசு, வேகம் மட்டு, ஆனால் முகத்து நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும். அது சின்னவன். அம்மாவுக்குப் பெரியவன் மேல் ஆசை. டச்சப்காரருக்குச் சின்னவன் மேல். அவளுக்கு மணிக்கட்டு வலி இருக்கிறது, கனமானதைத் தூக்கித் தூக்கிக் கை போய்விடும் என்பது அவர் உள்ளுக்குள் வைத்திருந்த காரணம். வெளியே சொன்னது நிறம்.

"பெரியவன் ராத்திரியில கூட நல்லா இருப்பான்ங்க."

"சின்னவன் குணம் அவனுக்கு வருமா?"

"குணத்தை வச்சு என்ன பண்றது? வேகம் வேணாமா? அதோட அவன் தலையில அதென்ன கொண்டை? பார்க்கவே சிரிப்பா வருது."

சின்னவனின் தலையில் ஒரு குட்டி ஃப்ளாஷ் ஒளிந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் டக்கென்று எழுந்து நிற்கும். பெரியவனுக்கு அது கிடையாது. தொழில் தெரிந்தவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அந்த அம்மா அதற்குக் கொண்டை என்று பெயர் வைத்து, அதை வைத்தே சின்னவனை நாள்தோறும் வறுத்தெடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து இதையெல்லாம் கேட்ட மருந்துக்கடைக்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "உங்களுக்கு ரெண்டு பசங்க இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே சார். பசங்களுக்குள்ள வித்தியாசம் பார்க்காதீங்க, மனசு உடைஞ்சிடும்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை தீர ஒரே வழி, கடைக்குப் போய் இரண்டையும் கையில் பிடித்து எடுத்துப் பார்ப்பது. சொந்த மெமரி கார்டு இரண்டு கொண்டு போவது, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ஆள், வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அன்றைக்குத் தங்கைக்கு விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய என்று அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினாள். போகிற வழியெல்லாம் சுண்டெலி பெரியப்பாவின் வழுக்கையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தது.

கடையில் விற்பனைக்கு நின்றவர் கழுத்தை இறுக்கும் டையும் மனப்பாடம் பண்ணிய பேச்சுமாக இருந்தார். ஆனால் நல்ல மனுஷன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு கேமராவையும் எடுத்து வைத்துவிட்டு, "எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாருங்க" என்றார். உட்கார வைத்துப் படம் எடுக்க ஆள் வேண்டுமே? சுண்டெலியை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். ஜன்னலோரம் எடுத்தார்கள், விளக்கடியில் எடுத்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் கேமராவை மாற்றி மாற்றிப் பிடித்து, எதையும் சொல்லாமல் 'ம்' மட்டும் கொட்டினாள். பெரியவனுக்குப் போட்ட 'ம்' கொஞ்சம் நீளமாக இருந்ததை டச்சப்காரர் கவனித்துக்கொண்டார்.

"இருட்டுல பாத்துடுங்க மேடம், அப்பதான் சாயம் வெளுக்கும்" என்று விற்பனையாளர் அவர்களைப் பின்னால் சரக்கு அறைக்கு அழைத்துப் போனார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டு விளக்கை அணைத்தார். சின்னவனை வாங்கி, "இதுல இன்னொரு வசதி இருக்கு மேடம்" என்று பொத்தானை அமுக்கினார். கொண்டை எழுந்து நின்றது.

"ஐயையே, அதை மூடுங்க தம்பி."

"ஒண்ணே ஒண்ணு மேடம். பிடிக்கலேன்னா அழிச்சிடுங்க." அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்து டச்சப்காரர், "எடுக்கட்டும் விடும்மா, குழந்தையும் சிரிக்குது" என்றார். பளீரென்று அடித்தது. சுண்டெலிக்கு ஒரே குஷி. "இன்னொண்ணு" என்று கையைத் தட்டியது.

விற்பனையாளருக்கு நியாயம் முக்கியம். "ஒருத்தனுக்கு மட்டும் சான்ஸ் கொடுத்தா ஓரவஞ்சனை ஆயிடும் மேடம்" என்று சொல்லி, எங்கேயோ தேடி ஒரு சின்ன ஃப்ளாஷைக் கொண்டுவந்து பெரியவன் தலையிலும் மாட்டினார். இதுவும் பளீர். அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு இரண்டு கார்டுகளோடு வீட்டுக்கு வந்தார்கள்.

சாயங்காலம் ஸ்டுடியோவில், இரவல் கேமராவில் எடுக்கிற பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் காத்திருந்தது. அந்த அம்மா உள்ளே போகும்போது கணவரைப் பார்த்து விரலை நீட்டினாள். "பாத்துட்டு இருங்க. ஆனா கை வைக்காதீங்க. ஒப்பிடறப்ப ரெண்டு பேரும் தூங்கி எந்திரிச்ச மூஞ்சியோட நிக்கணும். நீங்க பவுடர் அடிச்சிட்டீங்கன்னா யார் அழகுன்னு எப்படித் தெரியும்?"

"நான் ஏம்மா கை வைக்கப் போறேன்?"

அவர் நல்ல எண்ணத்தோடுதான் உட்கார்ந்தார். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினார். ஜன்னலோரப் படத்தில் சின்னவன் கன்னத்து நிறத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தான். விளக்கடியில் பெரியவன் கொஞ்சம் மஞ்சள் பூசியிருந்தான். "வாடா என் சிங்கமே" என்று தொடையைத் தட்டினார். அடுத்து வந்தது கொண்டைப் படம். சுண்டெலி வாய்கொள்ளாமல் சிரிக்கிறது. கண்ணில் சிவப்பு.

பழகின கை கேட்குமா? தானாகப் போய் 'சிவப்பை எடு' பொத்தானில் நின்றது. வலது கண்ணில் ஒரு தட்டு, கருப்பு வந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு தட்டு. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தட்டு. ம்ஹூம். குனிந்து பார்த்தார். அந்தக் கண்ணில் எடுப்பதற்குச் சிவப்பே இல்லை. கருவிழி நடுவில் வெளிறின பால் மாதிரி ஒரு வெள்ளை, இருட்டில் பூனைக் கண் மினுங்குமே அப்படி.

"சே! கேமராவுல ஏதோ கோளாறு" என்று அலுத்துக்கொண்டார். அடுத்த நொடியே அவருக்கு வேறு கவலை பிடித்தது. இதை மனைவி பார்த்தால் என்ன ஆகும்? 'பாத்தீங்களா உங்க சின்னவன் லட்சணத்தை, ஒரு கண்ணை ஒழுங்கா எடுக்கத் தெரியலை' என்று ஒரே போடாய்ப் போடுவாள். இத்தனை நாள் வாதாடியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிடும். உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் யாருக்கோ தாடையை நிமிர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டென்று தூரிகையை எடுத்து அந்த வெள்ளையின் மேல் கருப்பை அடித்தார். நடுவில் ஒரு மினுக்குப் புள்ளியும் வைத்தார். அழகான கண். அவரைத் தவிர யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சின்னவன் மானம் காப்பாற்றப்பட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு பெரியவன் எடுத்த ஃப்ளாஷ் படத்தைத் திறந்தார். வலது கண்ணில் சிவப்பு. இடது கண்ணில் அதே வெள்ளை.

உண்மையைச் சொன்னால், முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. 'அப்ப பெரியவனும் இதே லட்சணம்தானா, ரெண்டும் சமம், நான் வீணா மெனக்கெட்டேன்' என்று நினைத்தார். சிரித்த வாய் மூடவில்லை, அதற்குள் ஒன்று உறைத்தது. கேமரா வேறு. ஃப்ளாஷ் வேறு. கம்பெனி வேறு. இரண்டும் பேசி வைத்துக்கொண்டா ஒரே கண்ணில் கோளாறு பண்ணும்?

அவர் திரும்பச் சின்னவன் படத்துக்குப் போனார். தான் அடித்த கருப்பை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தார். மினுக்குப் புள்ளி போனது, மை போனது, கடைசியில் அந்த வெள்ளை திரும்ப வந்து அவரைப் பார்த்தது. அன்றைக்கு அந்த மை அப்படியே இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவர் வேலையை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார்.

"இந்தாம்மா, கொஞ்சம் வா" என்று கூப்பிட்டார். அவர் குரலைக் கேட்டே அவள் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"கை வச்சீங்களா?"

"வச்சேன். எடுத்துட்டேன். இதைப் பாரு."

அவள் பார்த்தாள். கோளாறா, கோணமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காத்திருந்தவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள், விளக்கை அணைத்தாள், கணவரை முக்காலியில் உட்கார வைத்து மேஜையில் கிடந்த ஃபோனை எடுத்து நேரே முகத்தில் ஃப்ளாஷ் அடித்தாள். இரண்டு கண்ணும் சிவப்பு. தன்னைத்தானே எடுத்துப் பார்த்தாள். இரண்டும் சிவப்பு. "போன வெளிச்சம் திரும்பி வரணுங்க" என்றாள் மெதுவாக. "குழந்தைக்கு ஒரு கண்ணுல வருது. இன்னொண்ணுல ஏதோ குறுக்க நிக்குது."

பிறகு இருவரும் பழைய படங்களைத் திறந்தார்கள். பல் முளைத்த படம், முட்டி தேய்ந்த படம், சும்மா உட்கார்ந்த படம். ஒவ்வொன்றிலும் குடை விளக்கின் மிருதுவான வெளிச்சம், ஒவ்வொன்றிலும் கண்கள் கன்னங்கரேல் என்று அழகாக. ஆயிரம் படத்தில் ஒன்றுகூட ஒன்றுமே சொல்லவில்லை. அந்த அம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் அழகா எடுத்துட்டேங்க" என்றாள்.

தங்கையிடம் யார் சொல்வது? டச்சப்காரர்தான் மாடிப்படி ஏறினார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமா, லாரிக்காரர் வரட்டுமா, ஒருவேளை ஒன்றுமில்லாமல் இருந்தால் வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும் என்று படிக்கு ஒரு சாக்கு வந்தது. ஆனால் மேலே கதவு திறந்தே இருந்தது, சுண்டெலி "பெப்பா" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. அண்ணாந்து பார்த்த அந்த இரண்டு கண்களையும் பார்த்த பிறகு அவருக்குச் சாக்கு எதுவும் நிற்கவில்லை. சொல்லிவிட்டார்.

தங்கைக்காரி முதலில் கோபப்பட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா? "உங்களுக்கு யாரைப் பாத்தாலும் குறைதான் மாமா தெரியும். பரு, தழும்பு, தொப்பை. இப்ப என் பிள்ளை கண்ணுலயா?" என்று சீறினாள். அவர் இரண்டு படங்களையும் நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். கோபம் இறங்கி, குரல் சிறுத்துப் போயிற்று.

"இதை அழிச்சிட முடியாதா மாமா? எல்லாத்தையும் அழிப்பீங்களே."

"அழிச்சுப் பாத்தேன்மா" என்றார் அவர். "படத்துலதான் போச்சு."

மறுநாள் காலையிலேயே கண் மருத்துவமனையில் இருந்தார்கள். டாக்டரம்மா நடுத்தர வயது, அதிராமல் பேசுகிறவர். குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, விளக்கை வைத்துப் பார்த்தார். இன்னொரு பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள், பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அன்றைக்கு ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"கண்ணுக்குள்ள ஒரு கட்டி" என்றார் டாக்டரம்மா. "கெட்ட கட்டிதான், மறைக்க மாட்டேன். ஆனா சின்னது, ஓரமா இருக்கு. இந்த நேரத்துல வந்தா கண்ணையே காப்பாத்தப் பாக்கலாம். சில மாசம் போயிருந்தா கண்ணை எடுக்கணும்னு சொல்லியிருப்போம். அதுக்கும் மேல போயிருந்தா..." அவர் முடிக்கவில்லை, யாரும் முடிக்கச் சொல்லவும் இல்லை. "வழக்கமா கண்ணு மாறுகண்ணா திரும்பின பிறகுதான் வருவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"செவப்பை எடுக்கப் பாத்தேன் டாக்டர்" என்றார் டச்சப்காரர். "எடுக்க வரலை."

டாக்டரம்மா இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார். "ஒரு படத்தோட விட்டிருந்தா கேமரா கோளாறுன்னு நினைச்சிருப்பீங்க."

"நினைச்சேன் டாக்டர். மையே அடிச்சிட்டேன்." டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

வைத்தியம் லேசுப்பட்டதாக இல்லை. மருந்து ஏற்றினார்கள், இடைவெளி விட்டுத் திரும்ப ஏற்றினார்கள், கண்ணுக்குள் லேசர் வைத்தார்கள். லாரிக்காரர் லாரியை நிறுத்திவிட்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் குடியிருந்தார். இத்தனை நாள் சுண்டெலியைத் தூக்காத தூக்கெல்லாம் சேர்த்துத் தூக்கினார். குழந்தைக்கு முடி கொட்டியபோது டச்சப்காரர் தன் தலையைத் தடவிக் காட்டி, "பாத்தியா, இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார். அது வாந்தி எடுத்துக் களைத்துக் கிடந்தபோதும் அவர் வழுக்கையில் கையை வைத்துத் தட்டிப் பார்த்துச் சிரித்தது. அவர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

நடுவில் ஒருநாள் அந்த அம்மா தானாகவே, "கேமரா வாங்கணுமேங்க, பள்ளிக்கூடத்துல கூப்பிட்டுட்டே இருக்காங்க" என்றாள்.

"பெரியவனையே வாங்கிக்கோம்மா. நான் ஒண்ணும் சொல்லலை."

"எனக்குக் கொண்டை வச்சவன்தான் வேணும்" என்றாள் அவள். "அவனை இனிமே யாராவது ஏதாவது சொல்லட்டும், அப்புறம் இருக்கு."

அவர் தனியாகக் கடைக்குப் போனார். டை கட்டிய விற்பனையாளர் அவரைக் கண்டதும், படம் சரியில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டார். "சார், அந்த ஃப்ளாஷ் சும்மா ஒரு இதுக்குத்தான் சார், மேடம் சொன்ன மாதிரி தொழிலுக்கு ஆகாதுதான்" என்று முந்திக்கொண்டார். டச்சப்காரர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. கடையில் நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே தலைக்கு வந்ததைக் கொண்டையல்லவா காட்டிக்கொடுத்தது? அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "அன்னிக்கு நீங்க மூஞ்சியைச் சுருக்கினீங்க பாருங்க தம்பி, அதுக்கு நன்றி. ஓரவஞ்சனை வேணாம்னு இன்னொண்ணுலயும் எடுத்தீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப ரொம்ப நன்றி" என்றார். விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக் கதையையும் கேட்ட பிறகு, அந்த மனப்பாடப் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ, டையைத் தளர்த்திவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் தணிந்து மழை வந்து அதுவும் ஓய்ந்த ஒரு நாளில், டாக்டரம்மா மயக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். சிரித்துக்கொண்டிருந்தார். கட்டி சுருங்கித் தழும்பாகி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உயிர் இல்லை, அடிக்கடி வந்து காட்ட வேண்டும், அந்தப் பக்கத்து ஓரப்பார்வை கொஞ்சம் மட்டாகத்தான் இருக்கும், மற்றபடி கண் குழந்தையுடையது என்றார். தங்கைக்காரி அவர் காலில் விழப் போனாள். டாக்டரம்மா அவளைத் தடுத்து நிறுத்தி, "என்னை விடுங்க, உங்க மாமாவுக்குச் சொல்லுங்க" என்றார். டச்சப்காரர் மனைவியைக் காட்டினார். மனைவி, செத்துப் போன பழைய கேமராவுக்குச் சொல்லச் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தத் தூசி தட்டலும் 'மகராசனா இரு'வும்.

சொட்டு மருந்தெல்லாம் ஓய்ந்து சுண்டெலி கட்டிலுக்கு அடியில் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு சாயங்காலம் அந்த அம்மா ஸ்டுடியோவின் குடைகளையெல்லாம் மடக்கி ஓரமாக வைத்தாள். விளக்கை அணைத்தாள். குழந்தையை முக்காலியில் உட்கார வைத்துச் சின்னவனைக் கையில் எடுத்தாள். இத்தனை வருஷத் தொழிலில் செய்யவே மாட்டேன் என்ற காரியத்தைச் செய்தாள். கொண்டையை எழுப்பி, நேருக்கு நேர் முகத்தில் அடித்தாள். சுண்டெலி "இன்னொண்ணு" என்றது. இன்னொன்று. பக்கவாட்டில் திரும்பச் சொல்லி இன்னொன்று. அடித்துவிட்டுக் கேமராவின் பின்பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல் அப்படியே கணவரிடம் நீட்டினாள்.

அவர் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். மாடியிலிருந்து தங்கையும் அவள் வீட்டுக்காரரும் இறங்கி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். படம் திறந்தது. வெளிச்சம் முகத்தில் அப்பியிருந்தது, பின்சுவரில் அசிங்கமாக ஒரு நிழல், மூக்கில் பளபளப்பு. தொழில் தெரிந்தவர் எவரும் வெளியே காட்ட மாட்டார்கள். அவர் பெரிதாக்கினார். அவர் கை 'சிவப்பை எடு' பொத்தான் பக்கம் போகவில்லை, மடியிலேயே கிடந்தது. யாரோ விம்முகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அது லாரிக்காரர் என்று அவருக்குத் தெரிந்தது.

அந்தப் படம் இப்போது ஸ்டுடியோ நுழைந்ததும் நேர் எதிரே, கல்யாணப் படங்களுக்கெல்லாம் மேலே, பெரிய சட்டத்தில் மாட்டியிருக்கிறது. முடி இப்போதுதான் முளைக்கிற தலையோடு வாய்கொள்ளாமல் சிரிக்கிற குழந்தை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை நின்று பார்க்கத்தான் செய்கிறார்கள். போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதை உற்றுப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு கேட்டார்.

"ஏன் சார், டச்சப்புக்கு உங்களை அடிச்சுக்க ஆளில்லைன்னு சொன்னாங்க. இதுல ரெண்டு கண்ணும் செவப்பா இருக்கே, கவனிக்கலையா?"

டச்சப்காரர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தார்.

"நல்லா கவனிச்சேன் சார்" என்றார். "ரெண்டும் செவப்பா இருக்கு."